தூசியின் வெள்ளைப் பற்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கதவைத் திறப்பதற்குள் ரொட்டிக்கடைக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் தேய்க்கிறீர்கள் என்று கேட்டால் மூன்று தடவையாம். இருபது வருஷமாக வாய்க்குள் எட்டிப் பார்த்துத்தான் பிழைக்கிறேன், எனக்குத் தெரியாதா? மூன்று தடவை தேய்க்கிற வாயா அது? எக்ஸ்ரே எடுக்கலாம் என்றேன். அடுப்பில் மாவு வைத்துவிட்டு வந்தேன் என்று எழுந்து ஓடிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் தூசியின் கூத்து. தீனியை வாயில் எடுக்கிறான், கீழே போடுகிறான், மறுபடி எடுக்கிறான், மறுபடி போடுகிறான். ஏழு வயது நாய்க்கு இதென்ன குழந்தை விளையாட்டு? "அவனுக்குக் கொழுப்பு. நேத்து நீ கறி போட்டே இல்ல, இன்னிக்கு இது இறங்கல" என்றார் இவர், என் வீட்டுக்காரர். போட்டது நான் இல்லை, அவர்தான். சொல்லி என்ன பயன்?

நல்லவேளை, இந்த வீட்டில் ஒருத்தன் பல்லையாவது யாரும் குறை சொல்ல முடியாது. எதிர்வீட்டு நாய் கொட்டாவி விட்டால் நாங்கள் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது. போன வாரம் அந்த வீட்டுக்காரருக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒன்றும் செய்யப் போவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு பத்து மணி என்றால் தூசிக்குப் பல் சுத்தம். இரண்டு வருஷமாக ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. கிளினிக்கில் கழித்துப்போட்ட ஸ்கேலர் ஒன்று, பஞ்சு, ஸ்டீல் தட்டு. மகள் அவன் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொள்வாள். நான் உதட்டைத் தூக்கி, அந்த வளைந்த கம்பியால் காரையைச் சுரண்டி எடுப்பேன். அவள் பத்து வயதிலேயே நல்ல உதவியாளர். கிளினிக்கில் இப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டேன் என்கிறது.

இன்று தட்டுச் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. "விட்டுடலாம்மா, அவனுக்குப் பிடிக்கல" என்றாள். "பல் க்ளீன் பண்றது யாருக்குடி பிடிக்கும்? கெட்டியா பிடி, விடாதே" என்றேன். இடது பக்கம், மேலே, கோரைப் பல்லுக்குக் கிட்டே கம்பி போனபோது உறுமினான். என்னைப் பார்த்து! கொஞ்சம் ரத்தமும் வந்தது. நோயாளி வாயாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இது அவன் தலையை ஆட்டியதால் கம்பி பட்டது. அவ்வளவுதான்.

முடிந்தபின் பல் பளிங்கு மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து, கிளினிக்கில் சீட்டுக் கொடுக்கிற அக்காவுக்கு அனுப்பினேன். "நம்ம ஆளுங்க பல்லு இதுல பாதி வெள்ளையா இருந்தா நமக்கு வேலையே இருக்காது மேடம்" என்று பதில் போட்டார்.

மார்ச் 12, புதன்

மூன்று நாளாகத் தும்மல். ஒரு மூக்கில் மட்டும் சளி, இடது பக்கம். கிளினிக்கை ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிவிட்டு, தெருமுனையில் இருக்கிற பெரியவரிடம் கூட்டிப் போனேன். எங்கள் பகுதி ஆடு, மாடு, பூனை, கிளி எல்லாவற்றுக்கும் அவர்தான் டாக்டர். உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "பல்லு ஜம்முனு இருக்கே! யாரு பாத்துக்கிறது?"

"நான்தான்" என்றேன். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

அப்படியென்றால் வாயில் ஒன்றும் இல்லை, தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மூக்குக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். தூசிக்கே தூசு ஒத்துக்கொள்ளவில்லையாம். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

மார்ச் 14, வெள்ளி

சொட்டு மருந்தால் ஒரு மண்ணும் ஆகவில்லை. இன்று சோபா, சுவர், என் வெள்ளைக் கோட்டு, மூன்றிலும் தும்மினான்.

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மணி பத்தாகக் கொஞ்சம் இருக்கும். அலமாரியிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் கூடத்தில் அவன் பக்கத்தில் படுத்து, எப்போதும் செய்கிற மாதிரி, கன்னம் இரண்டையும் பிடித்து முத்தம் கொடுக்கப் போனாள். ஒரே ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே. மூன்று தையல், இரண்டு ஊசி.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "தெரு நாயா, வீட்டு நாயா?" என்று கேட்டார். இவள் "என் நாய்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவர் சத்தமே போடவில்லை. "கைக்குப் பதிலா கண்ணா இருந்திருந்தா?" என்றார். அவருடைய பெரியப்பா மகன் கிடங்கு வைத்திருக்கிறார், காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தாராம். முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போவதாகப் போனிலேயே பேசி முடித்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும்… கடித்தது என் பிள்ளையை. எப்படி வேண்டாம் என்று சொல்வது? இருந்தாலும் கேட்டிருக்கலாம் இல்ல? நான் ஒருத்தி இந்த வீட்ல இருக்கேன் இல்ல?

மார்ச் 18, செவ்வாய்

தூசி இப்போது துணி துவைக்கிற இடத்தில், கட்டிப் போட்டு. ஞாயிறு காலை வரை இவருக்கு "அவன்". இப்போது "அது". "அது சாப்பிட்டுச்சா", "அதை வெளிய விடாதே". ஏழு வருஷம் இவர் காலடியில் படுத்த நாய், ஒரே நாளில் மேஜை நாற்காலி மாதிரி ஆகிவிட்டது.

கிளினிக்கில் அக்கா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். "மேடம், இன்னிக்கு மூணாவது ஆளு கண்ணத் தொடச்சிக்கிட்டே போறாங்க. வலியில இல்ல. உங்க பேச்சுல."

மார்ச் 20, வியாழன்

நாய் பழக்குகிறவர் ஒருத்தரை வரவழைத்தேன். தொளதொள கால்சட்டை, கழுத்தில் விசில். "நாய் உங்களத் தலைவரா ஏத்துக்கல மேடம். மூஞ்சியப் புடிச்சு அமுக்குங்க, யாரு பெரியவங்கன்னு காட்டுங்க" என்றார். காட்டியும் காட்டினார். தூசி கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். விசிலோடு அவரை வாசலைத் தாண்டி அனுப்பிவிட்டு வந்தேன்.

மூஞ்சியைத் தொட்டால் ஏன் அப்படிக் கத்துகிறான்? இவரைக் கேட்டால் திமிர். பெரியவரைப் போனில் கேட்டால் வயசாம். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு எல்லார் மேலும் எரிச்சலாக வருகிறது, நாய் மேலும்தான்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று பல் சுத்தம் இல்லை. பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

மகள் துவைக்கிற இடம் வழியாகப் போவதில்லை. தண்ணீர் குடிக்கக்கூட முன்பக்கம் சுற்றிக்கொண்டு வருகிறாள். பயமா என்று கேட்டேன். "பயமில்ல. நான் என்ன பண்ணேன்னு யோசிக்கிறேன்" என்றாள். "நீ என்ன பண்ண? நாய் புத்தி அது, விடு" என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

தலையை வலது பக்கம் சாய்த்துக்கொண்டு தின்கிறான். கழுத்தில் ஏதாவது பிடிப்பா? இன்னும் ஐந்து நாள்.

மார்ச் 27, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது?

ரொட்டிக்கடைக்காரர் திரும்ப வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். பல்லெல்லாம் பளபள. எங்கேயோ முடிவெட்டுகிற கடையில் பல்லையும் வெளுத்துத் தருகிறார்களாம், பண்ணிக்கொண்டாராம். "இப்ப பாருங்க டாக்டர், எப்படி இருக்கு?" எனக்குத் தலைக்கேறிவிட்டது. பிடித்து உட்கார வைத்து எக்ஸ்ரே எடுத்தேன். பாதி எலும்பு இல்லை. படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிக் கத்த ஆரம்பித்தேன். "கிருமி பல்லு மேல இல்லைங்க, ஈறுக்கு அடியில இருக்கு. மேல எவ்வளவு சொரண்டினாலும், எவ்வளவு வெளுத்தாலும் கீழ அது பாட்டுக்கு எலும்பத் தின்னுட்டே இருக்கும். வெள்ளையா இருக்கறதப் பாத்து எந்த முட்டாளாவது ஏமாறுவானா?"

அதோடு நின்றுவிட்டேன்.

அவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார், அடுத்த திட்டுக்கு. வரவில்லை. அக்கா ஓடி வந்து, "என்ன மேடம், மயக்கம் வருதா?" என்றார்.

இடது கோரைப் பல். இடது மூக்கு. வலது பக்கமாகவே மெல்லுவது. தீனியைக் கீழே போடுவது. மூஞ்சியைத் தொட்டால் கத்துவது. ஒரு மனுஷன் வந்து இதைச் சொல்லியிருந்தால் கதவைத் தாண்டுவதற்குள் வேரில் சீழ் என்று சொல்லியிருப்பேன். இரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல், தெரிகிற இடத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டி வெள்ளையாக வைத்தேன். அந்த வெள்ளையைப் பார்த்துத்தானே பெரியவரும் வாயில் ஒன்றுமில்லை என்றார்? ஊர்க்காரன் பல் தெரியும் எனக்கு. என் வீட்டு நாய் பல் தெரியாது. நான்லாம் ஒரு டாக்டர்.

மார்ச் 28, வெள்ளி

கிளினிக்குக்கு லீவு. ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே நாய்க்குப் பல் எக்ஸ்ரே எடுக்கிற டாக்டர் இருக்கிறார், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்கேலர் வரைக்கும். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். பல் டாக்டர் என்றேன். "அதான் கம்பி கெடச்சிருக்கு" என்றார்.

முழித்திருக்கிற நாய்க்கு ஈறுக்கு அடியில் யாராலும் சுத்தம் பண்ண முடியாதாம். பல்லின் உள்பக்கத்தையும் தொட முடியாது. மெருகு போடாமல் சுரண்டினால் பல்லில் கீறல் விழும், அந்தக் கீறலில் கிருமி இன்னும் வசதியாகக் குடியேறும். காற்றுப் படாத இடத்தில் வளர்கிற கிருமிதான் ஈறையும் எலும்பையும் கரைக்கும், ரத்தத்திலும் கலக்கும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். எல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியது.

"உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லல மேடம்" என்றார் கடைசியில். மரியாதையாகத்தான் சொன்னார். அதற்கு இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே, அங்கேயே ஆபரேஷன். வெள்ளிக்கிழமை, நாலாம் தேதிதான் இடம் இருக்கிறது. அதுவரை வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார். முப்பதாம் தேதி கிடங்குக்காரர் வருகிறார்.

மார்ச் 29, சனி

இவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "இன்னும் ஒரு வாரம் பொறுங்க" என்றுதான் வந்தது. "வாரா வாரம் ஒரு காரணம்" என்று எழுந்து போனார். மீதியைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்? வெட்கம். வேறென்ன?

மார்ச் 30, ஞாயிறு

கிடங்குக்காரர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். கையில் புதுக் கயிறு, தூசிக்கென்று ஒரு பொட்டலம் எலும்பு. நல்ல மனுஷன், அதுதான் கஷ்டம். இவர் துவைக்கிற இடத்துக்குப் போய்க் கட்டை அவிழ்த்தார். தூசி வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் வந்தான். வெளியே கூட்டிப் போகிறார்கள் என்று நினைத்தான்.

"அவன் மேல தப்பில்ல. என் மேலதான்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன். மகள் எப்போது அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள் என்று தெரியாது. பல்லுக்கு அடியில் அழுகியிருக்கு, மாசக் கணக்கா வலிச்சிருக்கு, நான் வாராவாரம் அந்த வலி மேலயே கம்பிய விட்டுச் சொரண்டியிருக்கேன், பல் டாக்டர்னு போர்டு மாட்டிக்கிட்டு — அழுதுகொண்டேதான் சொன்னேன், கிடங்குக்காரர் முன்னால்.

இவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "லிஃப்ட்ல சத்தம் வந்தா நான் கதவுக்குப் பெயின்ட் அடிச்சிட்டு வர்றதில்ல" என்றார். சொல்லட்டும். எனக்கு நன்றாக வேண்டும்.

கிடங்குக்காரர்தான் கயிற்றைச் சுருட்டினார். "பல்லு வலி வந்தப்ப நானே எங்க வீட்டம்மாவக் கடிக்கப் போனேன்ப்பா. இதுக்கு மருந்தப் பாருங்க மொதல்ல" என்றார். எலும்பையும் திரும்ப எடுத்துக்கொண்டார், இப்போது மெல்ல முடியாதே என்று. வெள்ளிக்கிழமை ஆகட்டும் என்றார் இவர். அதற்குமேல் ஒரு தடவை பல்லைக் காட்டினாலும் கிடங்குதான்.

மகள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "அப்ப அவனுக்கு என் மேல கோவம் இல்லியா?"

இரண்டு வாரமாக இதைத்தான் சுமந்துகொண்டு திரிந்தாளா? இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "ஞாயித்துக்கெழம நான் அவன் கன்னத்தப் புடிச்சப்பல்லாம் அவனுக்கு வலிச்சுதா?"

ஆமாம் என்றேன்.

"நீதானே விடாதேன்னு சொன்னே."

எனக்கும் அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. அன்று தட்டுச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை. கன்னத்தில் அவள் இரண்டு கை. அவனுக்கு அது முத்தம் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

பதினோரு பல். பதினொன்று.

எக்ஸ்ரேயை எனக்குக் காட்டினார். நோயாளிகளுக்கு நான் காட்டுகிற மாதிரியே, வெளிச்சத்தில் தூக்கி. இடது கோரைப் பல்லுக்கு மேலே எலும்பு கரைந்து மூக்குக்கே ஓட்டை விழுந்திருந்தது. தும்மலுக்குக் காரணம் அதுதான். தைத்து மூடியிருக்கிறார். மற்றப் பரிசோதனைகளில் சிறுநீரகம், இதயம் எதற்கும் சேதமில்லை. "இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா இப்படிச் சொல்லியிருக்க முடியாது" என்றார்.

பிடுங்கின பல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கேட்டு வாங்கி வந்தேன். மேல்பாதி வெள்ளை வெளேர். வேர் முழுக்கக் கறுப்புப் படிந்து, அரித்துக் கிடக்கிறது. மேல்பாதி என் வேலை.

திரும்பி வரும்போது இவர் வண்டி ஓட்டினார். பள்ளம் வந்தால் மெதுவாக இறக்கினார். "அவன் தலைக்குக் கீழ துண்ட மடிச்சு வை" என்றார். மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 5, சனி

தூங்கினான். கட்டிப் போடவில்லை, கூடத்தில் நாள் முழுக்கத் தூங்கினான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஊறவைத்த தீனியைத் தட்டோடு நக்கிவிட்டான். கீழே ஒன்றும் விழவில்லை. தும்மல் இல்லை. வாயில் நாற்றம் இல்லை. முன்னாடியும் நாற்றம் இருந்ததே என்று இப்போதுதான் உறைக்கிறது. இத்தனை நாள் நாய் என்றால் அப்படித்தான் என்று இருந்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரருக்குப் பாடம் எடுத்த வாய் இது.

எதிர்வீட்டுக்குப் போனேன். நான் சொன்ன மாதிரிச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாரோ என்று பயம். "நீங்க சொன்னீங்க, ஆனா சோம்பேறித்தனம், விட்டுட்டேன்" என்று அசடு வழிந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் சோம்பேறித்தனத்துக்கு நன்றி சொன்னேன். அந்த டாக்டர் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஞாயிறு காலை பத்து மணி. நான் சமையலறையில் ஏதோ பாத்திரத்தை நகர்த்தினேன். கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டான். உடம்பு நடுங்கியது. வலி போய்விட்டது, எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கு யார் சொல்வது?

இன்று தட்டையும் ஸ்கேலரையும் கிளினிக்குக் குப்பையில் போட்டேன். அக்கா எடுத்துத் துடைத்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார். வேண்டாம் என்று மறுபடி போட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ரொட்டிக்கடைக்காரர் சிகிச்சைக்கு வந்தார். எத்தனை தடவை தேய்க்கிறீர்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உண்மையச் சொல்லவா? ராத்திரி மறந்துடுவேன்" என்றார். திட்டவில்லை. "நீங்க ஒருத்தர்தான் மறந்தீங்கன்னு நெனைக்காதீங்க" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, பின்னால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மகள் இப்போது அவன் படுத்திருக்கிற கூடம் வழியாகவே போகிறாள். நிற்பதில்லை. ஆனால் போகிறாள்.

மே 18, ஞாயிறு

ஆறு வாரம் முடிந்துவிட்டது, மிச்சமிருக்கிற பல்லைத் தேய்க்கப் பழக்கலாம் என்றார் டாக்டர். ஓரிரு வாரத்துக்கு பிரஷ் கூடாது, விரலில் நாய்ப் பற்பசையைத் தடவி நக்க மட்டும் விட வேண்டும். பிடிக்கக் கூடாது. அவனாக வர வேண்டும். வரவில்லை என்றால் அன்றைக்கு இல்லை.

பற்பசையை எடுத்துக்கொண்டு நான் கூடத்துக்குள் போனேன். வாலை மடக்கிக்கொண்டு கட்டிலை நோக்கி நகர்ந்தான்.

"குடும்மா" என்று மகள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பதினோரு வயது நிறைந்து நாலு நாள்தான் ஆகிறது, குரலில் என் கிளினிக் அதிகாரம். "நீ வெளிய போ. நீ நின்னா அவன் வர மாட்டான்."

போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தையல் தழும்பு இருக்கிற அந்தக் கையையே நீட்டி வைத்துக்கொண்டாள். கூப்பிடவில்லை. இவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார், ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. ரொம்ப நேரம் ஆயிற்று. எனக்குப் பொறுமை இல்லை, உள்ளே போய் அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் என்றிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தான். விரலை மோந்து பார்த்தான். நக்கினான். அவள் அசையவே இல்லை. இன்னொரு தடவை நக்கினான். அப்புறம் அவனாகவே கன்னத்தை அவள் உள்ளங்கையில் கொண்டுபோய் வைத்தான்.

அவள் பிடிக்கவில்லை. கையை விரித்தபடியே வைத்திருந்தாள்.

அப்புறம் கைகழுவ வந்தவளிடம், அடுத்த வாரம் நான் உள்ளே வரலாமா என்று கேட்டேன். யோசித்தாள். கதவுக்கு உள்ளே ஒரு அடி வரலாமாம். உட்காரக் கூடாதாம்.